போதைப் பொருள் சட்டங்கள்: அளவுகோல் ஒன்றா, பலவா?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு அரசுக்கு ஒரு கடமையை விதிக்கிறது. மருத்துவப் பயன்பாடு நீங்கலாக, போதையூட்டும் பானங்களையும் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் போதை மருந்துகளையும் நுகர்வதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்பதே அது. இங்கு மதுவும் போதை மருந்தும் ஒரே வாக்கியத்தில், ஒரே கேட்டின் இரு வடிவங்களாக வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த வாக்கியத்திலிருந்து கிளைத்த சட்டங்கள் எதிரெதிர்த் திசைகளில் சென்றுவிட்டன. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் வைத்திருப்போருக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. மதுவையோ தமிழ்நாட்டில் அரசு நிறுவனமே சில்லறையில் விற்கிறது. அந்த விற்பனையை மேற்பார்வையிடும் துறையின் பெயர் இன்றளவும் 'மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை' என்பதாகவே உள்ளது.

இம்முரணைச் சுட்டி நகைப்பது எளிது. அது எங்கிருந்து வந்தது, அது நீதிக்கு முரணானதா, முரணானதெனில் எவ்வகையில் திருத்தத்தக்கது என ஆராய்வதே பயனுள்ளது. இக்கட்டுரையில் மூன்று கேள்விகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். பொருள்களுக்கிடையே சட்டம் வகுக்கும் வேறுபாட்டுக்குத் தக்க காரணம் உண்டா? ஒரே குற்றத்தைச் செய்யும் மனிதர்களைச் சட்டம் ஒரே வகையில் நடத்துகிறதா? சட்டம் கையாளும் வழி அதன் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா?

இல்லத் எனும் அளவுகோல்

நமது சட்டவியல் மரபு முதற்கேள்வியை நன்கு அறியும். உஸூலுல் ஃபிக்ஹ் நூல்களில் கியாஸை விளக்க எடுத்தாளப்படும் உதாரணமே மதுதான். திராட்சை மது விலக்கப்பட்டதற்கான இல்லத், அதாவது சட்டக் காரணி, அதன் நிறமோ மணமோ அன்று. அது அறிவை மயக்குவதே. ஆகவே எங்கெல்லாம் அக்காரணி காணப்படுகிறதோ அங்கெல்லாம் அச்சட்டமும் செல்லும் என்பது பெரும்பான்மை இமாம்களின் நிலைப்பாடு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் 'கம்ர்' எனும் சொல்லைத் திராட்சைச் சாற்றின் மதுவுக்கே உரியதாக்கி, ஏனைய பானங்களில் போதையேறும் அளவுக்கு அருந்தினால்தான் ஹத்துத் தண்டனை உண்டு எனக் கொண்டார்கள். எனினும் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் அனைத்துப் போதைப் பானங்களையும் விலக்கிய இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்துக்கேற்பவே ஃபத்வா வழங்கினர்.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் 'ஹஷீஷ்' எனும் கஞ்சாப் பயன்பாடு முஸ்லிம் நாடுகளில் பரவியபோது இக்காரணி மேலும் நுட்பமாக ஆராயப்பட்டது. அது விலக்கப்பட்டது என்பதில் அறிஞர்களிடையே பெரும் கருத்து வேறுபாடு இல்லை. தண்டனை எது என்பதில்தான் வேறுபட்டனர். மதுவுக்குரிய ஹத்துத் தண்டனையே இதற்கும் உண்டு என்றார் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்). மாலிகி மத்ஹபைச் சேர்ந்த இமாம் அல்கராஃபி (ரஹ்) களிப்பும் வெறியும் ஊட்டும் பொருளையும், அறிவைக் கெடுப்பதோடு நின்றுவிடும் பொருளையும், உறக்கமூட்டும் பொருளையும் மூன்றாகப் பிரித்தார். ஹஷீஷை இரண்டாம் வகையில் சேர்த்து, அதற்கு ஹத்து அன்று, நீதிபதியின் தீர்மானத்துக்குட்பட்ட தஃஸீர் தண்டனையே பொருந்தும் என்றார். முடிவைவிட இங்கு முறையே நம் கவனத்துக்குரியது. பொருளின் தன்மையை வகுத்தறிந்து, அதற்கேற்பச் சட்டத்தை அளந்தனர்.

அளவுகோலைப் பிழையாகப் பிடித்த சந்தர்ப்பங்களும் நம் வரலாற்றில் உண்டு. 1511ஆம் ஆண்டு மக்காவில் மம்லூக் ஆட்சியின் அதிகாரியாக இருந்த கைர் பேக் அறிஞர்களின் அவையைக் கூட்டி, மருத்துவர் இருவரின் சாட்சியத்தையும் பெற்று, காப்பியைத் தடை செய்தார். இரவில் கூடிப் பேசும் கூட்டங்களைப் பற்றிய அச்சமும் அத்தடையில் கலந்திருந்தது. சில காலத்தில் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அத்தடையைத் தளர்த்தியது. யமனில் மெல்லப்படும் 'காத்' இலையைப் பற்றி அந்நாட்டு உலமாக்களே முரண்பட்டபோது, ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைத்தமி (ரஹ்) அதற்கெனத் தனி நூலொன்று எழுதினார். அதன் விளைவுகள் குறித்துக் கிடைத்த தகவல்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தமையால் உறுதியாக ஹராம் எனத் தீர்ப்பளிக்கத் தயங்கி, தவிர்ந்துகொள்வதே பேணுதல் என்றார். அறியாததை அறிந்ததாகக் கொண்டு தண்டனை விதிக்க அவர் முற்படவில்லை.

பட்டியல்கள் எவ்வாறு உருவாயின

இன்றைய சட்டங்கள் பொருள்களைப் பட்டியலிட்டே ஆள்கின்றன. பட்டியலில் இருப்பது குற்றம், இல்லாதது வணிகம். அப்பட்டியல்கள் மருத்துவ ஆய்வுகளால் மட்டும் உருவானவை என எண்ணுவது தவறு.

வங்காளத்தில் அபினி வணிகத்தின் ஏகபோகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1773இல் கைக்கொண்டது. சீனா அபினியைத் தடை செய்திருந்தும் அதனை அங்கே விற்பதற்காக இரு போர்கள் நடந்தன. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்கள் அபினியைத் தடுக்க எழுந்தவையல்ல. அரசின் வருவாயைக் காக்க எழுந்தவை. கஞ்சாவை ஆராய 1893இல் அமைக்கப்பட்ட இந்தியச் சணல் போதைப் பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத்தடை தேவையற்றது, உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துவதே போதும் என 1894இல் அறிக்கை தந்தது. தடை செய்தால் மக்கள் இன்னும் கொடிய போதைகளை நாடக்கூடும் என்றும் எச்சரித்தது.

1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒற்றை உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினுடன் சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. ஆனால் 'கஞ்சா' என்பதற்கு அது தந்த வரையறை செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டுமே குறித்தது. தனித்த இலைகள் விடுபட்டன. இந்தியா 1985இல் இயற்றிய போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமும் அவ்வாறே வரையறுத்தது. ஆகவே அதே செடியின் இலையில் செய்யப்படும் பாங்கு அச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுகிறது. இலைக்கு உரிமம், பூவுக்குச் சிறை. இவ்வேறுபாட்டில் வீரியத்தின் ஏற்றத்தாழ்வு ஓரளவு உண்டு என்பது மெய். ஆயினும் இலையைக் காத்தது வழக்காறே. 2020 டிசம்பரில் ஐ.நா. போதை மருந்துகள் ஆணையம் கஞ்சாவை அக்கடும் பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்ற வாக்குகளில் முடிவு செய்தபோது, இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டத்தில் அதற்கேற்ற மாற்றம் எதுவும் வரவில்லை.

புகையிலையிலும் இதே காட்சி. 2019ஆம் ஆண்டின் சட்டம் மின்சிகரெட்டை நாடெங்கும் தடை செய்தது. சிகரெட்டோ எச்சரிக்கைப் படத்துடன் கடைதோறும் கிடைக்கிறது.

கேட்டின் அளவு

கேட்டை அளக்க முடியுமா? பிரிட்டனில் போதைப் பொருள் தவறான பயன்பாடு குறித்த அரசின் ஆலோசனைக் குழுவுக்குத் தலைமை வகித்த டேவிட் நட் அதற்கு முயன்றார். கேட்டின் வரிசையும் சட்டத்தின் வரிசையும் ஒத்துப்போகவில்லை என வெளிப்படையாகக் கூறியதற்காக 2009 அக்டோபரில் அவர் பதவி நீக்கப்பட்டார். மறு ஆண்டு அவரும் தோழர்களும் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, அருந்துபவருக்கும் பிறருக்கும் விளையும் கேடுகளைப் பதினாறு கூறுகளாக்கி மதிப்பிட்டது. நூற்றுக்கு 72 பெற்று மது முதலிடத்தில் நின்றது. ஹெராயின் 55 பெற்றது.

உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019ஆம் ஆண்டில் மதுவினால் நிகழ்ந்த மரணங்கள் சுமார் 26 லட்சம். ஏனைய போதை மருந்துகளால் சுமார் 6 லட்சம். புகையிலையால் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். இந்தியாவில் சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தப்பட்டு 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, மது அருந்துவோர் சுமார் 16 கோடி, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3 கோடி எனக் காட்டியது. மதுவால் சிக்கலுக்கு ஆளானோர் மட்டும் ஐந்து கோடிக்கு மேல்.

இங்கு நியாயமான மறுப்பொன்று எழும். மது அதிகம் பேரைக் கொல்வது அது எளிதில் கிடைப்பதாலேயே. ஹெராயினும் அவ்வாறு கடைகளில் கிடைத்தால் அதன் மரணக் கணக்கும் பன்மடங்காகும் என்பது அம்மறுப்பு. இது சரியே. ஒரு பொருளின் இயல்பான கேடும், அது எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பதும் வெவ்வேறு. எனவே மரண எண்ணிக்கையை மட்டும் வைத்து ஹெராயின் மதுவைவிடத் தீங்கற்றது எனக் கூறுவது பிழையாகும். ஆனால் இம்மறுப்பை ஏற்போர் அதன் மறுபாதியையும் ஏற்றாக வேண்டும். பரவலாகக் கிடைப்பதுதான் கேட்டைப் பெருக்குகிறது எனில், மதுவைப் பரவலாகக் கிடைக்கச் செய்பவரின் பொறுப்பு மிகப் பெரிது. தமிழ்நாட்டில் அப்பொறுப்பு அரசினுடையது.

மனிதருக்கிடையே நீதி

பொருள்களை விட்டு மனிதரிடம் வருவோம். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம், 'கிராக்' எனும் கொக்கைன் கட்டி 5 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தவருக்கும், கொக்கைன் தூள் 500 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தவருக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையாக ஐந்தாண்டுச் சிறையை விதித்தது. இரண்டும் ஒரே மருந்தின் இரு வடிவங்கள். கட்டியின் வழக்குகளில் சிக்கியோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைய 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தளர்வை முன்னரே தண்டிக்கப்பட்டோருக்கும் நீட்டிக்க 2018 ஆயிற்று.

பிரிட்டன் 2014 ஜூனில் 'காத்' இலையைத் தடை செய்தது. தடை வேண்டியதில்லை என அதன் ஆலோசனைக் குழுவே முந்திய ஆண்டில் கூறியிருந்தது. சோமாலிய, யமனியச் சமூகத்தாரே அவ்விலையைப் பெரிதும் பயன்படுத்தினர். தம் குடும்பங்களைக் குலைக்கும் பழக்கம் எனக் கண்டு தடையைக் கோரியோரும் அச்சமூகத்தில் இருந்தனர். அவர்தம் கவலை உண்மையானதே. எனினும், சிறுபான்மையின் இலை குற்றமாகவும் பெரும்பான்மையின் மது பண்பாடாகவும் இருக்கும் நாட்டில், எது பட்டியலில் இடம்பெறும் என்பதைக் கேடு மட்டுமே தீர்மானிக்கவில்லை எனும் ஐயம் எழுவது இயல்பு.

நம் நாட்டுச் சட்டத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைச் சிறு அளவு, இடைநிலை, வணிக அளவு என மூன்றாக வகுத்தது. முன்பிருந்த நிலையைவிட இது நீதிக்கு நெருக்கமானது. ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். இவ்வளவைத் தூய மருந்தைக் கொண்டு கணக்கிடுவதா, கலப்புடன் சேர்த்தா? தூய மருந்தே கணக்கு என 2008இல் உச்ச நீதிமன்றம் மைக்கேல் ராஜ் வழக்கில் கூறியது. கலப்பையும் சேர்த்த மொத்த எடையே கணக்கு என 2020இல் ஹீரா சிங் வழக்கில் மூவர் அமர்வு மாற்றித் தீர்ப்பளித்தது. கலப்பட மருந்தே தெருவில் விற்கப்படுகிறது, அதுவே மிகுந்த கேடு செய்கிறது என்பது அத்தீர்ப்பின் வாதம். அதில் வலு உண்டு.

விளைவை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு ஐந்து பங்கே ஹெராயின் கலந்த 300 கிராம் தூளை ஒருவர் வைத்திருக்கிறார். அதிலுள்ள மருந்து 15 கிராம். அவருக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. ஏறத்தாழத் தூய ஹெராயின் 240 கிராம் வைத்திருப்பவருக்கோ பத்தாண்டு என்பது அதிகபட்சமே. பதினாறு மடங்கு மருந்து வைத்திருந்தவர் குறைந்த தண்டனை பெறக்கூடும். மூலப்பொருளுக்கு அருகில் இருப்பவர் பெருவணிகர். கலப்புத் தூளைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் கடைநிலை விற்பனையாளர், பல வேளை அவரே அடிமைப்பட்டவர். வணிக அளவு எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் பிணை பெறுவதும் அரிது. அவர் குற்றமற்றவர் என நம்ப நியாயமான காரணம் உண்டு என நீதிமன்றம் விசாரணைக்கு முன்பே மனநிறைவு கொள்ள வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. குற்றவுணர்வு இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. இல்லை என நிறுவும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. அதிகாரிகளிடம் அளித்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கலாகாது என்பது 2020 அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோஃபான் சிங் வழக்கில்தான் உறுதியாயிற்று. சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நோக்கமும் வழியும்

மூன்றாவது கேள்வி வழியைப் பற்றியது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவத்துக்கான மார்ஃபினைத் தடை செய்யவில்லை. ஆனால் அடுக்கடுக்கான உரிமங்களும் சிறிய பதிவுப் பிழைக்கும் கடுந்தண்டனை வரும் என்ற அச்சமும் மருந்தகங்களை அதனைக் கைவிடச் செய்தன. அவ்வாண்டில் ஐந்நூறு கிலோவுக்கு மேலிருந்த நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 1997இல் 18 கிலோவாகச் சுருங்கிற்று. சட்டபூர்வமாக அபினி பயிரிட்டு உலகுக்கு அனுப்பும் நாட்டில் புற்றுநோயாளிகள் வலியில் துடித்து மடிந்தனர். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோரின் நெடிய முயற்சிக்குப் பின், 2014ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தடைகளைத் தளர்த்தியது. தீமையைத் தடுக்க எழுந்த வேலி நன்மைக்கான வழியையும் அடைத்துவிட்டதற்கு இதைவிடத் துயரமான சான்று அரிது.

மதுவின் பக்கம் திரும்பினால், 1937இல் ராஜாஜியின் ஆட்சியில் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் வந்து, மீண்டும் போயிற்று. 1983இல் மொத்த விற்பனைக்கென நிறுவப்பட்ட டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 2023-24இல் மதுவினால் அரசு பெற்ற வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மது வணிகம் எவருக்கும் அடிப்படை உரிமையன்று, அரசு அதனைத் தடுக்கலாம் அல்லது தானே நடத்தலாம் என உச்ச நீதிமன்றம் 1994இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் கூறியது உண்மையே. ஆயினும் சட்டம் அனுமதிப்பதெல்லாம் நீதியாகிவிடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தோரில் பலர் கூலித் தொழிலாளர்கள். அரசு தண்டனையை ஆயுட்சிறை வரை உயர்த்தியது. அது தேவையாகவும் இருக்கலாம். மலிவான சாராயத்தை நாடும் அந்தப் பழக்கத்தை வளர்த்ததில் அரசுக் கடைகளுக்குப் பங்கில்லையா என்ற வினாவைச் சட்டத் திருத்தம் தொடவில்லை.

அப்படியாயின் முழுத்தடைதான் தீர்வா? பீகார் 2016இல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. குடித்தவரையே பெருந்தொகையாகச் சிறையில் அடைத்ததால் நீதிமன்றங்கள் பிணை மனுக்களால் நிரம்பின. 2022இல் முதன்முறை பிடிபடுவோரை அபராதத்துடன் விடுவிக்க வகை செய்து சட்டத்தைத் தளர்த்த நேர்ந்தது. போர்ச்சுகல் 2001இல் வேறு வழியைத் தேர்ந்தது. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்றச் சட்டத்திலிருந்து விலக்கி, பிடிபட்டவரை மருத்துவரும் சமூகப் பணியாளரும் அடங்கிய குழுமுன் நிறுத்தியது; விற்பனை தொடர்ந்து குற்றமாகவே உள்ளது.

எதனைக் கோருவோம்?

மது அனுமதிக்கப்படுவதால் கஞ்சாவையும் அனுமதிக்க வேண்டும் எனச் சிலர் வாதிடுகின்றனர். சட்டம் முரண்பட்டது என்பதை நிறுவிவிட்டாலே எந்தப் பக்கம் நேராக்க வேண்டும் என்பது தீர்மானமாகிவிடாது. ஒரு தீமை சுதந்திரமாக உலவுவது இன்னொரு தீமைக்கு உரிமைச் சீட்டாகாது. மதுவில் சில பயன்கள் உண்டெனினும் அதன் பாவம் பெரிது எனக் குர்ஆன் எடைபோட்டுக் காட்டிய முறை நமக்கு வழிகாட்டி. ஓரணுவளவு பயனுக்காகப் பெருங்கேட்டைத் திறந்துவிடுவது அந்த எடைக்கு ஒவ்வாது.

அதேவேளை, பாவம் அனைத்தும் குற்றமாக வேண்டும் என்பதும் நம் மரபன்று. முஸ்லிமல்லாதாரின் மதுவை ஹனஃபி ஃபிக்ஹ் மதிப்புள்ள சொத்தாகக் கொண்டு, அதை அழித்தவர் ஈடு செய்ய வேண்டும் என்றது. பல சமயத்தார் வாழும் நாட்டில் நாம் அரசிடம் கேட்கத்தக்கது நமது ஹராமைத் தண்டனைச் சட்டமாக்குவதன்று. ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும் என்பதே. வெறுப்புக்குரியவரிடத்திலும் நீதி வழுவலாகாது என நமக்கு ஏவப்பட்டுள்ளது. போதைப் பொருள் விற்றவன் நம் வெறுப்புக்குரியவனே, ஆயினும் அவனும் அந்த நீதிக்கு உரியவன்.

அவ்வளவுகோலின்படி, தண்டனை பொருளின் கேட்டுக்கும் செய்தவரின் பங்குக்கும் ஏற்ப அமைய வேண்டும். கலப்பு மாவின் எடை மனித வாழ்வின் ஆண்டுகளைத் தீர்மானிக்கலாகாது. கேட்டிலிருந்து அரசு வருவாய் ஈட்டுவது படிப்படியாகவேனும் ஒழிய வேண்டும். அடிமைப்பட்டவர் நோயாளியாக நடத்தப்பட வேண்டும்.

இறுதியாகக் கூறியதற்கு இப்போதே சட்டத்தில் வழி உண்டு. பயன்பாட்டுக் குற்றத்துக்கோ சிறு அளவு தொடர்பான குற்றத்துக்கோ ஆளான ஒருவர், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்று முடித்தால், அவர்மீது வழக்குத் தொடரலாகாது என 64A பிரிவு கூறுகிறது. இதனை அறிந்த குடும்பங்கள் மிகச் சில. மகனின் பழக்கத்தை அறிந்தும், காவல் நிலையத்துக்கு அஞ்சியும் ஊர்ப் பேச்சுக்கு நாணியும் வீட்டுக்குள்ளேயே மறைத்துவைக்கும் பெற்றோர் நம் மஹல்லாக்களில் இல்லாமலில்லை. போதை ஒழிப்புப் பேரணி நடத்தும் ஜமாஅத்துகள் இப்பிரிவை ஜும்ஆ மேடையில் விளக்கி, மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை நிலையங்களின் முகவரிகளைப் பள்ளிவாசல் பலகையில் எழுதிவைக்கட்டும். நியாயமான சட்டத்தைக் கோரும் நமது குரலும் அதனோடு சேர்ந்தே ஒலிக்கட்டும்.